டைனோ சொன்னா நம்பிடலாமா?

கியர் பாக்ஸ் - வாராவாரம் ஒரு மெக்கானிக்கல் அரட்டை

எந்த காலேஜ் பார்க்கிங்குக்கு வேணாலும் போய் நில்லுங்க. அஞ்சு நிமிஷத்துக்குள்ள ஒரு பஞ்சாயத்து காதுல விழும். "என் வண்டி டைனோவுல இவ்ளோ ஹெச்.பி. காட்டுச்சு மச்சி!" என்பார் ஒருவர். "டைனோவை விடுடா, ரோட்டுல வந்து காட்டு!" என்பார் இன்னொருவர். மூணாவது ஆள் பைக்கை ஸ்டார்ட் பண்ணுவார். அங்கேதான் ஆரம்பிக்குது வம்பு.

இதுல யார் சொல்றது சரி? ஒரு மெஷின் மேல வண்டியைக் கட்டி வெச்சு எடுக்கிற ஹார்ஸ் பவர் நம்பர், நிஜமாவே வண்டி ஓடும்போது உண்மையா இருக்குமா? இந்தக் கேள்வியை ஐம்பது, அறுபது வருஷமா கேட்டுக்கிட்டே இருக்கிற நாடு அமெரிக்கா. அங்கே இதுக்குத் தீர்ப்பு சொல்ல தனியா ஒரு கோர்ட்டே இருக்கு. பேரு, டிராக் ஸ்ட்ரிப். நீளம் கால் மைல். அதாவது 1,320 அடி. நம்ம கணக்குல 402 மீட்டர். வாங்க, ரெண்டு பக்க வாதத்தையும் கேட்போம்.

பிரேக் போட்டு அளந்த பவர்

முதல்ல, ஹெச்.பி.ன்னா என்ன? ஜேம்ஸ் வாட் தன் நீராவி இன்ஜினை விற்க குதிரையோட ஒப்பிட்டு வெச்ச அளவு. நிமிஷத்துக்கு 33,000 அடி-பவுண்டு வேலை. நம்ம யூனிட்டில் சுமார் 746 வாட். இதுல இன்னொரு தமாஷ் இருக்கு. நம்ம ஊர் விளம்பரங்களில் வர்ற 'பி.எஸ்.' என்பது வேற குதிரை. அது 735.5 வாட்தான். 100 பி.எஸ். என்றால் 98.6 ஹெச்.பி.தான் ஆகுது. இன்ஜினை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே ஒண்ணரை குதிரை காணோம், பார்த்தீங்களா!

சரி, அளப்பது எப்படி? மெக்கானிக்கல், ஆட்டோமொபைல் பசங்களுக்கு இது பழகின காட்சி. தெர்மல் லேப் மூலையில் ஒரு சிங்கிள் சிலிண்டர் டீசல் இன்ஜின். அதோட டிரம்மைச் சுற்றி ஒரு கயிறு. ஒரு முனையில் எடைக்கல்லு, மறுமுனையில் ஸ்ப்ரிங் பேலன்ஸ். டிரம் சூடாகாம இருக்க ஒருத்தர் தண்ணி ஊத்திக்கிட்டே இருப்பார். பிரெஞ்சு இன்ஜினியர் கஸ்பார் த ப்ரோனி 1821-ல் கொண்டு வந்த பிரேக்கோட பேரன்தான் இந்த ஏற்பாடு. சுத்துற இன்ஜினுக்கு பிரேக் போட்டு, அது எவ்வளவு தம் கட்டித் தள்ளுதுன்னு பார்க்கிறோம். அதனாலதான் 'பிரேக்' ஹார்ஸ் பவர்.

இங்கே ஒரு விஷயத்தை மனசில் வெச்சுக்கோங்க. டைனோ ஹெச்.பி.யை நேரடியா அளக்கிறதே இல்ல. டார்க்கை அளக்குது, ஆர்.பி.எம்.மை அளக்குது, ரெண்டையும் பெருக்கி நமக்கு ஹெச்.பி.ன்னு சொல்லுது. நடுவில் கணக்கு இருக்கு. கணக்கு இருக்கிற இடத்தில் எல்லாம், அதை யார் போட்டாங்கன்னு கேட்கிற உரிமையும் நமக்கு இருக்கு.

ஒரே வண்டி, நாலு நம்பர்

கம்பெனி விளம்பரத்தில் வர்ற நம்பர், இன்ஜினைத் தனியா கழட்டி வெச்சு கிராங்க்கில் அளந்தது. ட்யூனிங் கடையில் வர்றது, பின் சக்கரத்தை ரோலர் மேல ஓடவிட்டு அளந்தது. நடுவில் கிளட்ச், கியர் பாக்ஸ், செயின், டயர்னு ஆளாளுக்குக் கொஞ்சம் கமிஷன் எடுத்துக்கிறாங்க. "சக்கரத்தில் வந்த நம்பரோட 15 சதவீதம் கூட்டிக்கோ" என்று ஒரு வாய்வழிக் கணக்கு உலகம் முழுக்க ஓடுது. அது விதி இல்ல, குத்துமதிப்பு. ஒரு இன்ஜினோட பவரை ரெண்டு மடங்கு ஆக்கினா, கியர் பாக்ஸ் உரசலும் அப்படியே ரெண்டு மடங்கு ஆகிடுமா என்ன?

ரோலரிலும் ரெண்டு ஜாதி இருக்கு. ஒண்ணு இனர்ஷியா டைனோ. எடை தெரிஞ்ச ஒரு பெரிய இரும்பு ரோலர்; அதை உங்க வண்டி எவ்வளவு வேகமா சுத்த வைக்குதுன்னு பார்த்து பவரைக் கணக்குப் போடும். இன்னொண்ணு லோடு டைனோ. எடி கரன்ட் பிரேக் மாதிரி ஒண்ணை வெச்சு ரோலரைப் பிடிச்சு நிறுத்தும், வண்டி எதிர்த்துத் தள்ளணும். ஒரே காரை ரெண்டிலும் ஏத்தினா ரெண்டு நம்பர் வரும். பெரும்பாலும் லோடு டைனோ கொஞ்சம் கஞ்சத்தனமா கொடுக்கும். இனர்ஷியா டைனோவில் இன்னொரு வேடிக்கை. இன்ஜினைத் தொடவே வேணாம், கனமான அலாய் வீல் மாட்டிட்டு ஏத்துங்க, பவர் குறைஞ்ச மாதிரி காட்டும். சக்கரத்தைச் சுத்த வைக்கிறதுக்கே கொஞ்சம் பவர் போயிடுதே!

இது போக எந்த கியரில் ஓட்டினாங்க, டயரில் காத்து எவ்வளவு, பெல்ட்டை எவ்வளவு இறுக்கிக் கட்டினாங்க, முன்னாடி ஃபேன் வெச்சாங்களா, இன்ஜின் கொதிச்சுப் போய் இருந்துச்சா என்று எல்லாமே நம்பரில் கை வைக்கும்.

எல்லாத்துக்கும் மேல ஒரு மாயக்கண்ணாடி இருக்கு. அதுதான் கரெக்‌ஷன் ஃபேக்டர்! இன்ஜின் காத்தை சாப்பிட்டு வாழுற ஜீவன். குளிர் காத்து அடர்த்தியா இருக்கும், சூடு காத்து லேசா இருக்கும். 15 டிகிரியில் இருக்கிற காத்தை 40 டிகிரிக்குக் கொண்டு போனா, அடர்த்தி கிட்டத்தட்ட 8 சதவீதம் குறையும். மே மாசம் மத்தியானம் சென்னையில் ஓட்டினதையும் டிசம்பர் காலையில் ஊட்டியில் ஓட்டினதையும் எப்படி ஒப்பிடுறது? அதுக்காக "இந்த வண்டி ஒரு ஸ்டாண்டர்டு காத்துல ஓடியிருந்தா எவ்வளவு வந்திருக்கும்?" என்று ஒரு கணக்குப் போட்டுத் திருத்துவாங்க. நல்ல எண்ணம்தான். ஆனா எது ஸ்டாண்டர்டு? எஸ்.ஏ.இ. ஜே 1349 என்கிற முறை 25 டிகிரியை எடுத்துக்குது. 'எஸ்.டி.டி.' என்று ஷீட்டில் போடுற பழைய முறை 15.5 டிகிரியை எடுத்துக்குது. ஒரே ஓட்டம்தான். ஆனா எஸ்.டி.டி. பட்டனை அழுத்தினா நம்பர் சுமார் 4 சதவீதம் குண்டாயிடும்!

எங்க சீனியர் அண்ணன் ஒருத்தர். ஸ்கூல் பசங்களுக்கு மேத்ஸ் டியூஷன் எடுத்து எட்டு மாசமா சேர்த்த காசை எடுத்துக்கிட்டு ஒரு ட்யூனிங் கடைக்குப் போனார். ஃபில்டர், சைலன்ஸர், ரீமேப் எல்லாம் செஞ்சாங்க. முன்னாடி 17.1, அப்புறம் 19.0. அண்ணனுக்குத் தலைகால் புரியல. ஹாஸ்டல் சுவரில் ரெண்டு ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வெச்சார். ஒரு வாரம் எல்லாரும் வந்து பார்த்துட்டுப் போனோம். அப்புறம்தான் ஒருத்தன் மூலையில் இருந்த பொடி எழுத்தைப் படிச்சான். முதல் ஷீட்டில் எஸ்.ஏ.இ., ரெண்டாவது ஷீட்டில் எஸ்.டி.டி.! 17.1-ஐ எஸ்.டி.டி.க்கு மாத்தினாலே 17.8 கிட்ட வந்துடும். அப்போ, கூடின 1.9 ஹெச்.பி.யில் 0.7 இன்ஜினில் இருந்து வரல, பிரின்டரில் இருந்து வந்திருக்கு. கடைக்காரர் வேணும்னு செஞ்சாரா, தெரியாம பட்டன் மாறிச்சா என்பது வேற விஷயம். எட்டு மாச டியூஷன் காசில் மூணில் ஒரு பங்குக்கு மேல பேப்பர் குதிரைக்குப் போயிடுச்சு.

402 மீட்டர் கோர்ட்டு

இப்போ எதிர்க்கட்சி வாதம். "டைனோ வேணாம், ஸ்ட்ரிப்தான் சாமி!" என்பவர்கள் சொல்றதையும் அப்படியே நம்பிடக் கூடாது. அங்கேயும் ஒரு ஓட்டத்துக்கு ரெண்டு நம்பர் கிடைக்கும். பலரும் குழப்பிக்கிறது இங்கேதான்.

முதல் நம்பர், ஈ.டி. எனப்படும் நேரம். வண்டி ஸ்டார்ட்டிங் லைனில் இருக்கிற ஒளிக்கற்றையை விட்டு நகர்ந்ததில் இருந்து கடைசிக் கோட்டைத் தொடும் வரை எத்தனை செகண்ட். (பச்சை விளக்கு எரிஞ்சதும் நீங்க கொட்டாவி விட்டா அது இந்தக் கணக்கில் வராது. ரியாக்‌ஷன் டைம் தனி!) ரெண்டாவது நம்பர், ட்ராப் ஸ்பீடு. கடைசி 66 அடியில் வண்டி போன சராசரி வேகம்.

ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒரு கணக்குப் போடுவோம். டிரைவரோட சேர்த்து 1,500 கிலோ கார், 300 ஹெச்.பி. அந்த பவர் முழுசையும் ரோட்டில் இறக்கினா, செகண்டுக்கு 10 மீட்டர் வேகத்தில் கார் கிட்டத்தட்ட ஒண்ணரை ஜி-யில் பாயணும். சாதாரண டயர் 1 ஜி தாங்கினாலே பெரிய விஷயம். அதாவது நாலு சக்கரமும் இழுக்கிற காராவே இருந்தாலும், மணிக்கு 55 கி.மீ. வேகம் வரை உங்க 300 குதிரையையும் அவிழ்த்துவிட முடியாது. அவிழ்த்தா சக்கரம் சுத்தும், புகை வரும், கைதட்டு கிடைக்கும், கார் நகராது. ரெண்டு சக்கரம் மட்டும் இழுக்கிற கார்னா கதை இன்னும் மோசம்.

ஆக, ஓட்டத்தோட முதல் பகுதியில் ஜெயிக்கிறது டயரும், ரோட்டுப் பிடிமானமும், டிரைவரோட கால் கண்ட்ரோலும்தான். அதனாலதான் ஸ்ட்ரிப் ஆசாமிகள் முதல் 60 அடி நேரத்தைக் குலதெய்வம் மாதிரி பார்ப்பாங்க. அங்கே 0.1 செகண்ட் விட்டா, கடைசியில் 0.15-ல இருந்து 0.2 செகண்ட் வரை போயிடும் என்பது அவங்க அனுபவக் கணக்கு. பவர் ஒரு குதிரை கூட மாறியிருக்காது!

ட்ராப் ஸ்பீடு அப்படி இல்ல. ஆரம்பத்தில் கொஞ்சம் சொதப்பினாலும், மிச்சம் இருக்கிற நீளத்தில் இன்ஜின் தன் வேலையைச் செஞ்சுடும். கடைசி வேகம் அவ்வளவா மாறாது. சுருக்கமா சொன்னா, நேரம் உங்க லாஞ்ச்சைப் பத்திப் பேசும். வேகம் உங்க இன்ஜினைப் பத்திப் பேசும். டைனோ ஷீட்டை ஸ்ட்ரிப்பில் சரிபார்க்கணும்னா பார்க்க வேண்டியது செகண்டை இல்ல, கடைசி வேகத்தை!

கனமூலம் செய்யும் காமெடி

ப்ளஸ் டூ பிசிக்ஸ் போதும், பயப்படாதீங்க. பவர் மாறாம இருந்தா, கொடுத்த ஆற்றல் எல்லாம் கைனடிக் எனர்ஜி ஆகுது. அதை 402 மீட்டர் தூரத்துக்குக் கொண்டு போனா, கடைசி வேகத்தோட கனம், பவரை எடையால வகுத்த மதிப்புக்கு நேர்விகிதத்தில் வரும். அதாவது வேகம் என்பது பவர்-எடை விகிதத்தோட கனமூலம். இதைப் பத்தி 1973-ல் ஜெஃப்ரி ஃபாக்ஸ் என்பவர் 'அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் பிசிக்ஸ்' இதழில் ஒரு கட்டுரையே எழுதியிருக்கார். டிராக் ரேஸுக்கு பிசிக்ஸ் ஜர்னலில் இடம்! நம்ம புரொபசர்கிட்ட சொன்னா நம்புவாரா?

கனமூலம் என்பதால் என்ன ஆகுது? பவரை 10 சதவீதம் கூட்டினா வேகம் 3 சதவீதம் சொச்சம்தான் கூடும். வேகத்தை ரெண்டு மடங்கு ஆக்கணும்னா பவரை எட்டு மடங்கு ஆக்கணும்! திருப்பிப் போட்டா இன்னொரு ஆபத்து. நீங்க அளந்த வேகத்தில் 1 சதவீதம் தப்பு இருந்தா, அதில் இருந்து கண்டுபிடிக்கிற பவரில் 3 சதவீதம் தப்பு வரும். பின்பக்கம் இருந்து காத்து தள்ளினாலே போதும், உங்க ஸ்ட்ரிப் ஹெச்.பி. வீங்கிடும்.

--- நீங்களே போடலாம் கணக்கு ---

அமெரிக்காவில் பல வருஷமா புழங்குற ஒரு ஃபார்முலாவை நம்ம கிலோ, கி.மீ.க்கு மாத்தினா இப்படி வரும். (கார்களுக்கு மட்டும், எடையில் டிரைவரையும் சேர்க்கணும்.)

கடைசி வேகம் (மணிக்கு கி.மீ.) = 289 × (ஹெச்.பி. ÷ கிலோ)-வின் கனமூலம்

நேரம் (செகண்ட்) = 7.58 × (கிலோ ÷ ஹெச்.பி.)-யின் கனமூலம்

உதாரணம்: 1,500 கிலோ, ஷீட்டில் 300 ஹெச்.பி. வேகம் 169 கி.மீ., நேரம் சுமார் 13 செகண்ட் வரணும்.

* வந்தது 14.1 செகண்ட், 168 கி.மீ. என்றால்? இன்ஜின் ஓகே. லாஞ்ச்தான் சொதப்பல். டயரையும் காலையும் கவனிங்க.

* வந்தது 13.6 செகண்ட், 158 கி.மீ. என்றால்? லாஞ்ச் ஓகே. ஆனா 300 குதிரையில் 245 கிட்டதான் வேலைக்கு வந்திருக்கு. ஷீட்டைக் கொண்டு போய் கடையில் கேள்வி கேளுங்க!

------

கோர்ட்டுக்கு வந்த சில கேஸ்கள்

கேஸ் நம்பர் 1: வருஷம் 1999. ஃபோர்டு கம்பெனி தன் மஸ்டாங் கோப்ரா காருக்கு 320 ஹெச்.பி. என்று விளம்பரம் செய்தது. முந்தின வருஷ மாடலுக்கு 305. வாங்கினவங்க சும்மா இருப்பாங்களா? டைனோவில் ஏத்தினாங்க. எதிர்பார்த்த நம்பர் வரல. புது கார் பழைய காரைத் தாண்டவே திணறுது. புகார் மேல புகார். கடைசியில் 1999 ஆகஸ்ட்டில் ஃபோர்டு விற்பனையை நிறுத்திவிட்டு, விற்ற கார்களையும் திரும்ப அழைத்தது. இன்டேக் மேனிஃபோல்டு, இன்ஜின் கம்ப்யூட்டர், எக்ஸாஸ்ட் எல்லாம் மாற்றிக் கொடுத்தது. ஒரு உலகக் கம்பெனியோட நம்பரை, சாதாரண கஸ்டமர்கள் அளந்து பார்த்துத் திருத்த வெச்ச கேஸ் இது. அளக்கத் தெரிஞ்சா என்ன லாபம்னு கேட்கிறவங்களுக்கு இதைக் காட்டுங்க.

கேஸ் நம்பர் 2: இது உல்டா. 1968-ல் அதே ஃபோர்டு, 428 கோப்ரா ஜெட் இன்ஜின் வெச்ச மஸ்டாங்குக்கு 335 ஹெச்.பி. என்று அடக்கி வாசித்தது. ஏன்? அங்கே சில ரேஸ் பிரிவுகளில் எடையை ஹெச்.பி.யால வகுத்துதான் எந்த கிளாஸ்னு முடிவு பண்ணுவாங்க. பவரைக் குறைச்சுச் சொன்னா, நோஞ்சான் கார்களோட ஓடி ஜெயிக்கலாம்! ஆனா ரேஸ் நடத்துற என்.ஹெச்.ஆர்.ஏ. அமைப்பு (1951-ல் ஆரம்பிச்சது) லேசுப்பட்டது இல்ல. கம்பெனி சொன்னதை ஓரம் வெச்சுட்டு, ஸ்ட்ரிப்பில் கார் ஓடுற ஓட்டத்தைப் பார்த்து தானே ஒரு ஹெச்.பி. போட்டுக் கொடுக்கும். இந்த இன்ஜினுக்கும் நம்பரை ஏத்திடுச்சு. டைனோ சொல்ல மறுத்ததை ஸ்ட்ரிப் சொல்லிடுச்சு.

கேஸ் நம்பர் 3: ஜப்பான். 1989-ல் இருந்து 2004 வரை அங்கே கம்பெனிகளுக்குள்ள ஒரு எழுதாத ஒப்பந்தம். எந்த காருக்கும் 280 பி.எஸ்.க்கு மேல விளம்பரம் பண்ணக் கூடாது. விளைவு? நிஸான் ஸ்கைலைன் ஜி.டி.ஆர். மாதிரி அசுரன்களுக்கும் பிரவுச்சரில் சமர்த்தா 280 என்று போட்டாங்க. டைனோவில் ஏத்தினவங்க சிரிச்சாங்க.

கேஸ் நம்பர் 4: அளக்கிற முறையே மாறின கதை. 1970-ல் கேடிலாக் எல்டொராடோவோட 8.2 லிட்டர் இன்ஜினுக்கு 400 ஹெச்.பி. 1971-ல் 365. 1972-ல் வெறும் 235! இன்ஜினுக்கு என்ன வியாதி? முதல் சரிவுக்கு மட்டும்தான் இன்ஜின் மாற்றம் காரணம். அடுத்த பெரிய சரிவு பேப்பரில் நடந்தது. அதுவரை ஆல்டர்னேட்டர், ஏர் கிளீனர், சைலன்ஸர் எதுவும் இல்லாம வெற்று இன்ஜினை அளந்து 'கிராஸ்' ஹெச்.பி. சொன்னாங்க. 1972-ல் இருந்து எல்லாத்தையும் மாட்டி அளந்து 'நெட்' சொன்னாங்க. சம்பளத்தில் பிடித்தம் போக கைக்கு வர்ற மாதிரி.

கேஸ் நம்பர் 5: ஃபார்முலாவையே குற்றவாளிக் கூண்டில் ஏத்தின கேஸ். 2018 டாட்ஜ் சேலஞ்சர் டீமன். ரேஸ் பெட்ரோல் போட்டா 840 ஹெச்.பி., எடை சுமார் 1,930 கிலோ. டிரைவருக்கு 90 கிலோ சேர்த்து நம்ம ஃபார்முலாவில் போட்டா 10.16 செகண்ட், 216 கி.மீ. வருது. ஆனா என்.ஹெச்.ஆர்.ஏ. சான்று கொடுத்த ஓட்டம் 9.65 செகண்ட், மணிக்கு 140 மைல், அதாவது 225 கி.மீ.! கம்பெனி பவரைக் குறைச்சுச் சொல்லிடுச்சா? அவசரப்படாதீங்க. அந்த ஃபார்முலா பழைய காலத்துக் கார்களை வெச்சு உருவானது. டீமனுக்கு ஒட்டுற டிராக் டயர், பசை தடவின ஸ்ட்ரிப், பவரை விடாம கை மாத்துற 8 கியர் ஆட்டோமேட்டிக் எல்லாம் இருக்கு. அதே பவரில் அதிக பங்கு ரோட்டுக்கு வருது. ஆக, ஃபார்முலாவுக்குள்ளேயும் ஒரு கரெக்‌ஷன் ஃபேக்டர் ஒளிஞ்சிருக்கு. 289 என்பது பிசிக்ஸ் கொடுத்த நம்பர் இல்ல, அனுபவம் கொடுத்த நம்பர். அதே காரை அதே கார்கூட ஒப்பிடத்தான் அது நம்பகமானது.

மலை மேல காணாம போன குதிரைகள்

கொலராடோவில் டென்வர் பக்கத்தில் பேண்டிமேர் ஸ்பீட்வே என்று ஒரு டிராக் ஸ்ட்ரிப் இருந்தது. 1958-ல் ஆரம்பிச்சு 2023 வரை ஓடிய இடம். கடல் மட்டத்தில் இருந்து சுமார் 5,800 அடி உயரம். அங்கே காத்தழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட கிட்டத்தட்ட 19 சதவீதம் கம்மி. டர்போ, சூப்பர்சார்ஜர் இல்லாத 300 ஹெச்.பி. காரை அங்கே கொண்டு போனா, சுமார் 245 ஹெச்.பி.தான் மிச்சம்.

இப்போ வேடிக்கையைப் பாருங்க. அதே ஊரில் ஒரு டைனோவில் ஏத்தினா கரெக்‌ஷன் போட்டு "300" என்று பிரின்ட் வரும். பக்கத்தில் ஸ்ட்ரிப்பில் ஓட்டினா 7 சதவீதம் வேகம் அடி வாங்கும். டைனோ பொய் சொல்லுதா? இல்ல. "நல்ல காத்து இருந்திருந்தா இவன் இவ்வளவு ஓடுவான்" என்று சொல்லுது. ஸ்ட்ரிப்போ, "இன்னைக்கு இந்தக் காத்துல இவன் இவ்வளவுதான் ஓடினான்" என்று சொல்லுது. ஒண்ணு ரெக்கமண்டேஷன் லெட்டர், இன்னொண்ணு மார்க் ஷீட். ரெண்டும் வேற வேற.

காத்தைப் பத்திப் பேசும்போது இன்னொண்ணு. டைனோ மேல கார் நின்ன இடத்தில் நிக்குது, எதிர்க்காத்தே இல்ல. ரோட்டில் ஒரு சாதாரண கார் மணிக்கு 160 கி.மீ. போக, காத்தைக் கிழிக்க மட்டுமே சுமார் 50 ஹெச்.பி. செலவாகுது. டைனோ ஷீட்டில் இந்த பில் வரவே வராது.

உச்சியைப் பார்க்காதே, மொத்த மலையைப் பார்!

ஷீட்டில் எல்லாரும் ஒரே ஒரு இடத்தைத்தான் பார்ப்போம். கோட்டோட உச்சி. "பீக் எவ்ளோ மச்சி?" ஆனா வண்டி அந்த உச்சியில் இருக்கிறது கண் இமைக்கிற நேரம்தான்.

கற்பனையா ரெண்டு இன்ஜின் எடுத்துக்கோங்க. முதலாவது உச்சி 200 ஹெச்.பி., ரெண்டாவது உச்சி 190. ரெண்டுக்கும் 7,000 ஆர்.பி.எம்.மில் கியர் மாத்துறோம், ஊசி 5,000-க்கு விழுது. ஓட்டம் முழுக்க ரெண்டு இன்ஜினும் இந்த 5,000-க்கும் 7,000-க்கும் நடுவில்தான் குடித்தனம் நடத்தும். அந்த இடைவெளியில் முதல் இன்ஜினோட சராசரி 170, ரெண்டாவதோட சராசரி 180 என்றால்? பார்க்கிங் பஞ்சாயத்தில் ஜெயிக்கிறது முதலாவது. ஸ்ட்ரிப்பில் ஜெயிக்கிறது ரெண்டாவது! ஒரே ஒரு யூனிட் டெஸ்ட்டில் சென்டம் வாங்கினவனும் எல்லா பேப்பரிலும் எண்பது வாங்கினவனும் மாதிரி. பிளேஸ்மென்ட்டில் யாருக்கு சான்ஸ்னு உங்களுக்கே தெரியும்.

அதனால நல்ல ட்யூனர் உங்ககிட்ட பீக் நம்பரைக் காட்ட மாட்டார். பழைய கோட்டையும் புது கோட்டையும் ஒண்ணு மேல ஒண்ணு போட்டு, நடுவில் இருக்கிற இடைவெளியைக் காட்டுவார். காட்டலைன்னா கேளுங்க.

நமக்கு என்ன வந்தது?

வருது பாஸ்! கோவை கரி மோட்டார் ஸ்பீட்வேயில் நடக்கிற ஃபார்முலா பாரத் போட்டிக்கு கார் கட்டுற டீம்கள் நம்ம காலேஜ்களில் நிறைய. ஃபார்முலா ஸ்டூடன்ட் போட்டிகளில் ஆக்சலரேஷன் டெஸ்ட் தூரம் வெறும் 75 மீட்டர். முழுக்க 1 ஜி-யில் பாய்ந்தாலே 3.9 செகண்ட் ஆகும். அப்போ அந்த 75 மீட்டரில் பெரும்பகுதி யாரோட ராஜ்ஜியம்? டயரோடது! ஆனா பல டீம்களில் ராத்திரி முழுக்க கண் முழிச்சு டைனோவில் இன்னும் ரெண்டு ஹெச்.பி. தேடுவாங்க. டயர் சூடு, எடைப் பங்கீடு, கிளட்ச் விடுற பழக்கம் இதுக்கெல்லாம் போட்டிக்கு முந்தின நாள்தான் நேரம் கிடைக்கும். ஸ்பான்சர் காசும் செமஸ்டர் நேரமும் எங்கே போகணும்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி இந்தக் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்க.

பைக் வெச்சிருக்கிற நண்பர்களுக்கு நாலே விஷயம். முன்னாடி, பின்னாடி ரெண்டு தடவையும் ஒரே டைனோ, முடிஞ்சா ஒரே நாள். ஒரே கியர், ஒரே டயர் காத்து. ஷீட் மூலையில் ஒரே கரெக்‌ஷன் பேர். ஒவ்வொண்ணுக்கும் மூணு ஓட்டம். மூணும் ஒண்ணுக்கொண்ணு ஒட்டி வரலைன்னா, கூடின ரெண்டு ஹெச்.பி.யை நம்பவே நம்பாதீங்க. இதெல்லாம் கேட்டா முகம் சுளிக்கிற கடைக்கு உங்க காசு போக வேணாம்.

அப்புறம், "ரோட்டுல வந்து காட்டு" பார்ட்டிக்கு ஒரு வார்த்தை. ஓ.எம்.ஆரும் ஈ.சி.ஆரும் டிராக் ஸ்ட்ரிப் இல்ல. ஸ்ட்ரிப்பில் குறுக்கே ஆடு வராது, டீக்கடைக்குப் போற தாத்தா வரமாட்டார். ஓட்டம் முடிஞ்சதும் நிறுத்தறதுக்கே நீளமா இடம் விட்டிருப்பாங்க. பொது ரோட்டில் ரேஸ் ஓட்டினா மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவு காத்திருக்கு. 2019 திருத்தத்துக்கு அப்புறம் முதல் தடவைக்கே மூணு மாசம் வரை ஜெயில் அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், ரெண்டும் சேர்ந்தும் வரலாம். ஆனா அதைவிடப் பெரிய விஷயம், நடு ராத்திரி ரோட்டில் நீங்க எடுக்கிற நம்பர் அளவாவே தேறாது. சரிவு தெரியாது, காத்து தெரியாது, ஸ்பீடோமீட்டர் நிஜத்தைவிட கூடத்தான் காட்டும். வேகத்தில் 5 சதவீதம் தப்புன்னா பவரில் 15 சதவீதம் தப்பு, மேல சொன்ன கனமூலம் ஞாபகம் இருக்குல்ல? தப்பான ஒரு நம்பருக்காக எலும்பையோ உயிரையோ பணயம் வைக்கிறது எந்த ஊர் இன்ஜினியரிங்?

ஆக, தீர்ப்பு இதுதான். டைனோ பொய் சொல்லாது. ஆனா நீங்க கேட்ட கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லும். "நேத்தைக்கு இன்னைக்கு இன்ஜின் தேறியிருக்கா?" என்று கேளுங்க, கச்சிதமா சொல்லும். "நான் ஜெயிப்பேனா?" என்று கேட்டா அதுக்குத் தெரியாது. டயருக்கும், காத்துக்கும், உங்க இடது காலுக்கும்தான் தெரியும்.

அடுத்த வாரம்: 'மைலேஜ் 60' என்று ஷோரூமில் சொல்றாங்க, நம்ம கைக்கு வந்தா 45-ஐத் தாண்ட மாட்டேங்குதே... அந்த 15 எங்கே போச்சு? தேடிக் கண்டுபிடிப்போம். அதுவரை, ஹெல்மெட் தலையில் இருக்கட்டும், டேங்க் மேல இல்ல!